பிரான்சுவா மிகோவின் ஊரில் ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய் – சாட்வெல் ஹீத்

போகவேண்டியது பிரான்சுக்கு. ஆனால் முதல் நாள் குறிப்பை என் வீட்டிலிருந்து மூன்று ரயில் நிறுத்தம் தள்ளி உட்கார்ந்து எழுதுகிறேன். நான் இருப்பது கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில். எலிசபெத் லைன் ரயிலில் ஏறினால் செவன் கிங்ஸ், குட்மேஸ், அடுத்தது சாட்வெல் ஹீத். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பக்கம் இது. தெரிந்தவர் வீட்டு விசேஷங்களுக்கு எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறேன். இந்த ஊரில் ஒரு ஃபார்முலா 1 கார் பிறந்திருக்கிறது என்பது இரண்டு வருடங்களுக்கு முன்புதான் எனக்குத் தெரியவந்தது.

தொழிற்சாலையில் பிறக்கவில்லை. வாடகைக்கு எடுத்த ஒரு கார் ஷெட்டில் பிறந்தது. பீட்டர் கானியூ என்ற இளைஞர் ஜான் சர்டீஸின் பந்தய அணியில் வரைபடம் போடும் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டபிறகு, சொந்தமாக ஒரு கார் கட்டிப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். உறவினரும் நண்பர்களும் கை கொடுத்தார்கள். பெரிய முதலாளி யாரும் பின்னால் இல்லை. கார் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் விதி மாறியது. உடற்பகுதியின் தகடு இன்னும் தடிமனாக இருக்கவேண்டும் என்றார்கள். மறுபடியும் கட்டினார்கள். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

கார் தயார். ஓட்ட ஆள் வேண்டுமே? வந்தவர் லெ மான்ஸ் ஊர்க்காரர், 27 வயது பிரான்சுவா மிகோ. ஃபார்முலா 1 பந்தயம் ஒன்றுகூட அதுவரை ஓட்டியதில்லை. அவரோடு டார்ன்வால் என்ற விளம்பரதாரரும் வந்தார். அந்தப் பெயர் அணியின் பெயரிலேயே சேர்ந்துகொண்டது: டார்ன்வால் கானியூ. 1972 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில் பயிற்சியின்போதே சஸ்பென்ஷனில் கோளாறு. கார் பந்தயத்தில் நிற்கவே இல்லை. ஆகஸ்ட் 13-ஆம் தேதி ஆஸ்திரியாவில் நின்றது. புறப்பாட்டு வரிசையில் கடைசி இடம். 54 சுற்றுப் பந்தயத்தில் 22 சுற்று ஓடியபின் பின்பக்க சஸ்பென்ஷன் விட்டுப்போனது.

கானியூ கார் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடியது அந்த ஒரே ஒரு பந்தயம்தான். 22 சுற்றுக்காக இவ்வளவு உழைப்பா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. மிகோவைப் பற்றித்தான் யோசித்தேன். கார் ஷெட்டில் கட்டிய, யாரும் இதுவரை வேகமாக ஓட்டிப் பார்க்காத ஒரு வண்டி. அதில் உட்கார்ந்து, மலைச் சரிவில் இருக்கும் ஆஸ்டர்ரைக்ரிங் பந்தயத் திடலில் முழு வேகத்தில் இறங்கியிருக்கிறார். கழன்றதும் பின்சக்கரத்தைத் தாங்கும் பாகம். அதன்பிறகும் அவர் இந்தத் தொழிலை விடவில்லை.

அந்த மனிதர் பிறந்த ஊரையும் ஓட்டிய சாலையையும் பார்க்கவேண்டும் என்பது இரண்டு வருட ஆசை. இன்று மாலை சாட்வெல் ஹீத் ஸ்டேஷனில் இறங்கி, வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஷெட்டுகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நடந்தேன். எந்தக் கதவு என்று தேடவில்லை. தகரக் கதவு, ஒரு கார் நுழையும் அகலம், உள்ளே ஒரு குண்டு பல்பு. அதைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. நாளைக் காலை ரயில்.

இரண்டாம் நாள், புதன் – லெ மான்ஸ்

செயின்ட் பாங்க்ராஸிலிருந்து பாரிஸ். அங்கே மெட்ரோவில் ஊரைக் கடந்து மோன்பர்னாஸ் நிலையம். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் லெ மான்ஸ். நாம் லெ மான்ஸ் என்கிறோம். ரயிலில் அறிவிப்பவர் 'லு மான்' என்று முடித்துக்கொள்கிறார்.

ஸ்டேஷன் வாசலிலேயே டிராம். அதில் தெற்கே கடைசி நிறுத்தம் வரை போனால் பந்தயத் திடல். மனம் அங்கேதான் இழுத்தது. ஆனாலும் பெட்டியை அறையில் போட்டுவிட்டு, வட்டமாக வெட்டிய ரொட்டியில் ரியேத் தடவிச் சாப்பிட்டேன். பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து நார் நாராகப் பிரித்துச் செய்வது. இந்த ஊரின் பெயர் சொல்லும் பண்டம். கொஞ்சம் போதும், வயிறு நிறைந்துவிடும். சீக்கிரம் தூங்கப்போகிறேன்.

மூன்றாம் நாள், வியாழன் – வெண்கலக் கைத்தடங்கள்

காலையில் பழைய நகரம். ரோமர் காலக் கோட்டைச் சுவர் சார்த் ஆற்றங்கரையில் இன்னும் நிற்கிறது. இளஞ்சிவப்பு நிறச் சாந்தும் கற்களும் சேர்ந்து கோலம் போட்டதுபோல் இருக்கிறது. மேலே ஏறினால் சேன் ஜூலியன் பேராலயம். அழகுதான். ஆனால் நான் வந்தது வேறு காரியத்துக்கு.

மிகோ இந்த ஊரில் 1944 டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்தார். அந்த ஆகஸ்டில்தான் ஜெர்மானியப் படையிடமிருந்து ஊர் விடுபட்டிருந்தது. ஜூனில் இங்கே நடக்கும் 24 மணி நேரக் கார் பந்தயம் 1939-க்குப் பிறகு நடக்கவில்லை. போரில் பந்தயத் திடலும் நாசமாகிக் கிடந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து 1949-இல் மறுபடி பந்தயம் தொடங்கியபோது அவருக்கு நாலரை வயது. பத்து வயதில், 1955-இல், மோட்டார் பந்தய வரலாற்றின் மிகக் கொடிய விபத்து இங்கே நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளை ஒருவனுக்கு ஜூன் மாதம் என்றால் என்ன என்பதை இந்தத் தேதிகளிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அவருக்கு ஒன்றரை வருடம் இளையவராக இதே ஊரில் இன்னொரு பையன் பிறந்தான், ழான் ரோந்தோ. அவரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மதியம் சேன் நிக்கோலா சதுக்கத்தை ஒட்டிய தெருக்களுக்குப் போனேன். கடைகளுக்கு நடுவே, காலுக்குக் கீழே, தரையில் வெண்கலத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றவர்களின் கைத்தடங்கள். தகட்டில் பெயரும் ஆண்டும். மழையில் நனைந்து பளபளத்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். பை நிறையக் காய்கறியோடு போன ஒரு அம்மா, நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து நின்று கேட்டார். கைத்தடங்களைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போனார்.

மிகோவின் பெயர் அங்கே இல்லை. இருக்க வழியில்லை என்று தெரிந்துதான் போனேன். இருபது முறைக்கு மேல் இந்தப் பந்தயத்தை ஓட்டியவர், ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆனால் மேடை ஏறாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1974-இல் மூன்றாம் இடம். 1976-இல் இரண்டாம் இடம். 1981-இல் மறுபடி மூன்றாம் இடம். மூன்று முறை, மூன்று வெவ்வேறு கார்களில், மூன்று வெவ்வேறு கூட்டாளிகளோடு.

அந்த மூன்று வருடங்களில் இரண்டில் முதல் படியில் நின்றது ஒரே ஆள்தான், பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ். ஆறு முறை வென்றவர். இந்த ஊர் அவரைக் கௌரவக் குடிமகனாகவே ஏற்றுக்கொண்டது. அதில் தவறில்லை, அவருடைய திறமைக்குத் தகுந்த மரியாதைதான். ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து, இக்ஸுக்குப் பக்கத்துப் படியில் நின்றவருக்கும் ஒரு தகடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்தத் தெருவில் நின்றபோது தோன்றியது. அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான்காம் நாள், வெள்ளி – மழை

காலையிலிருந்து விடாத மழை. டிராமில் பந்தயத் திடலுக்குப் போய், பிரதான வாயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். 1923-இல் முதல் பந்தயம் நடந்ததிலிருந்து இன்றுவரையிலான கதை வரிசையாக இருக்கிறது. வெளியே புகாட்டி சுற்றில் யாரோ பயிற்சி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சாலையில் டயர் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் சுவர் தாண்டி வந்தது. மற்றபடி அருங்காட்சியகம் பற்றி நீங்கள் எங்கும் படித்துக்கொள்ளலாம்.

மாலை முழுக்க ஒரு காபிக் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மிகோவின் ஃபார்முலா 1 கணக்கை மறுபடி ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பெயர் கொடுத்த பந்தயங்கள் 16. உண்மையில் புறப்பட்டவை 13. புள்ளிகள் 0. அந்தக் காலத்தில் முதல் ஆறு இடங்களுக்குத்தான் புள்ளி. இன்றுபோல் பத்து இடம் வரை கொடுத்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. உலகச் சாம்பியன்ஷிப்பில் அவருடைய மிகச் சிறந்த முடிவு 14-ஆம் இடம். 1974-இல் டிஜோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் வந்தது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் சுமாரான ஓட்டுநர் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். எந்தக் கார் என்று பாருங்கள். 1974-இல் அவர் சேர்ந்தது பி.ஆர்.எம். அணியில். இங்கிலாந்தின் போர்ன் என்ற சிறு ஊரிலிருந்து வந்து 1962-இல் கிரஹாம் ஹில்லோடு உலகச் சாம்பியன் பட்டம் வென்ற அணி. ஆனால் அந்த மகிமையெல்லாம் தேய்ந்துபோன காலம் அது. பெல்த்வாஸ், பெஸ்கரோலோ, மிகோ என்று மூன்று பிரெஞ்சுக்காரர்கள். புது மாடலான பி201 வந்ததும் அது முதலில் பெல்த்வாஸுக்குப் போனது. தென்னாப்பிரிக்காவின் கயாலமியில் அவர் அதை இரண்டாம் இடத்துக்கு ஓட்டிவந்தார். பி.ஆர்.எம். மேடை ஏறியது அதுவே கடைசி. அதே பந்தயத்தில் மிகோவின் கையில் இருந்தது 1971-இல் அறிமுகமான பி160-இன் வழிவந்த பழைய கார். அதை 15-ஆவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். கூட்டாளியின் காரைப் பார்த்துக்கொண்டே தன் காரை ஓட்டுவது எப்படி இருந்திருக்கும்?

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 1974-இல் பி.ஆர்.எம்.மில் ஒன்றும் நடக்காத இரண்டு பேர், பெஸ்கரோலோவும் மிகோவும், ஜூனில் லெ மான்ஸுக்கு வந்தார்கள். இருவருக்கும் மாட்ரா கார். பெஸ்கரோலோவும் லாருஸ்ஸும் வென்றார்கள். மிகோவும் ழான்-பியர் ஜபூயும் மூன்றாவது. அந்த ஜபூய்தான் ஐந்து வருடம் கழித்து ரெனோவின் டர்போ காருக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றியை வாங்கிக் கொடுத்தவர். நல்ல காரில் உட்கார வைத்தால் மிகோ யாரோடு நிற்கக்கூடியவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்புறம் 1975. கிரஹாம் ஹில் சொந்தமாக அணி நடத்திக்கொண்டிருந்தார். ஸ்பெயினில் இரண்டாவது காருக்கு ஆள் தேவைப்பட்டது, மிகோவைக் கூப்பிட்டார்கள். பார்சிலோனாவின் மோன்ஜுயிக் மலைப் பூங்காவில் பந்தயம். பாதுகாப்புத் தடுப்புகள் சரியாக முடுக்கப்படவில்லை என்று ஓட்டுநர்கள் முதலில் ஓட்டவே மறுத்தார்கள். கடைசியில் பந்தயம் நடந்தது. மிகோவின் அணிக்காரர் ரோல்ஃப் ஸ்டோமெலன் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவர் காரின் பின் இறக்கை உடைந்தது. கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்ததில் பார்க்க வந்தவர்கள் இறந்தார்கள். 29-ஆவது சுற்றில் பந்தயத்தை நிறுத்தினார்கள். தூரம் குறைந்ததால் பாதிப் புள்ளிதான். ஆறாவதாக வந்த லெல்லா லோம்பார்டிக்குக் கிடைத்த அந்த அரைப் புள்ளி, உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு பெண் பெற்ற ஒரே புள்ளிக்கணக்கு. மிகோவும் அந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார், பல சுற்று பின்தங்கி, முடிவுப் பட்டியலில் சேராமல்.

பெல்ஜியத்தில் ஹில் அணிக்காக இன்னொரு பந்தயம், பாதியில் நின்றது. பிறகு ஃபிராங்க் வில்லியம்ஸின் கார். அன்றைக்கு வில்லியம்ஸ் என்றால் கையில் காசில்லாத சின்ன அணி. தெற்குப் பிரான்சில் போல் ரிக்கார் திடலில், சொந்த நாட்டுப் பந்தயத்தில், இன்ஜின் கோளாறால் புறப்படவே முடியவில்லை. அதோடு மிகோவின் ஃபார்முலா 1 முடிந்தது. அந்த நவம்பரில் கிரஹாம் ஹில்லும் அவருடைய அணியினர் சிலரும் விமான விபத்தில் இறந்தார்கள். மிகோவுக்குப் பிறகு அந்த அணியில் ஓட்டிய இளைஞர் டோனி பிரைஸும் அதில் போய்விட்டார்.

இதை எழுதி முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. கடை மூடும் நேரம்.

ஐந்தாம் நாள், சனி – யுனோதியேர் சாலை

இன்று ஒரு சிறிய வாடகைக் கார் எடுத்தேன். லெ மான்ஸ் பந்தயச் சுற்று இன்றைய கணக்கில் 13.626 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி வருடம் முழுக்க மக்கள் போய்வரும் பொதுச் சாலை. ஜூனில்தான் மூடுவார்கள். மற்ற நாட்களில் லாரியும் பால் வண்டியும் போகின்றன. இன்று நானும் போனேன்.

தெர்த்ர் ரூஜ் வளைவு தாண்டியதும் யுனோதியேர் நேர்ச்சாலை தொடங்குகிறது. தூர் நகரத்துக்குப் போகும் சாலை. ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், அம்பு விட்டதுபோல் நேர். இரு பக்கமும் மரங்கள், கார் ஷோரூம்கள், உணவகங்கள், வீடுகள். ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தால் பந்தயத்துக்கான வளைவுப் பாதை சாலையை விட்டுப் பிரிந்து மறுபடி வந்து சேர்வது தெரியும். 1990-இல் வேகத்தைக் குறைக்கப் போட்டவை. அதற்கு முன் இந்தச் சாலை முழுவதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல்தான் ஓட்டுவார்கள். 1988-இல் டபிள்யூ.எம். என்ற சிறு அணியின் கார் மணிக்கு 405 கிலோமீட்டர் தொட்டது இங்கேதான். அதுவும் பெஜோ நிறுவனத்து ஊழியர்கள் இரண்டு பேர் ஆரம்பித்த அணி. கானியூவின் ஷெட்டைப்போல் ஒரு கதை.

குதிரைப் பந்தயத் திடல் பக்கம் காரை ஓரம் கட்டினேன். 1908 ஆகஸ்டில் வில்பர் ரைட் ஐரோப்பிய மக்கள் முன் முதன்முதலாகப் பறந்து காட்டியது இந்த யுனோதியேர் திடலில்தான். அதைப் பார்க்கத்தான் இறங்கினேன். ஆனால் நின்றபோது நினைவு வேறொருவரிடம் போய்விட்டது.

ழான்-லூயி லாஃபோஸ். செனகலின் டாக்காரில் பிறந்த பிரெஞ்சுக்காரர். அவரும் ஃபார்முலா 1 கனவு பலிக்காத, ஆனால் நீண்ட பந்தயத்தில் காரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த ஓட்டுநர். 1975-இல் லிஜியே காரில் இரண்டாம் இடம். அடுத்த வருடம் மிகோவோடு மிராஜ் காரில் மறுபடி இரண்டாம் இடம். 1976-இல் அவர்கள் ஓட்டிய மிராஜ், முந்தின வருடம் வென்ற அதே வகைக் கார், ஆனால் கல்ஃப் நிறுவனத்தின் ஆதரவு போய், கைமாறியிருந்தது. எதிரே போர்ஷேயின் புது டர்போ கார் 936, அதில் இக்ஸும் வான் லென்னப்பும். அந்தக் கார் 349 சுற்று ஓடியது. மிகோவும் லாஃபோஸும் 338 சுற்று. 11 சுற்று வித்தியாசம், அதாவது முதலிடத்தை நினைத்துப் பார்க்கவே முடியாத தூரம். அவர்கள் செய்ய முடிந்ததெல்லாம் இரவு முழுக்க மாறி மாறி ஓட்டி, வண்டியை உடைக்காமல், பின்னால் வருபவர்கள் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். இரண்டே பேர், 24 மணி நேரம். செய்தார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1981 ஜூன் 13. இருவரும் ழான் ரோந்தோவின் அணியில், வெவ்வேறு கார்களில். முந்தின வருடம் ரோந்தோ தன் பெயர் தாங்கிய காரில் தானே ஓட்டி, ஜோஸோவோடு சேர்ந்து வென்றிருந்தார். தன் பெயரிட்ட காரில் லெ மான்ஸ் வென்றவர் அவர் ஒருவர்தான். 1981-இல் எல்லோர் கண்ணும் ரோந்தோ கார்கள் மேல். பந்தயம் தொடங்கிச் சில மணி நேரத்தில் லாஃபோஸின் கார் இந்த நேர்ச்சாலையில் விலகிப்போய்த் தடுப்பில் மோதியது. அவர் அந்த இடத்திலேயே இறந்தார். அதே மாலையில் இதே சாலையில் இன்னொரு விபத்தில் பந்தய ஊழியர் ஒருவரும் இறந்தார்.

பந்தயம் நிற்கவில்லை. லெ மான்ஸில் நிற்காது. மிகோ காரில் ஏறவேண்டும். அவருக்குக் கூட்டாளி கோர்டன் ஸ்பைஸ் என்ற ஆங்கிலேயர். இங்கும் இரண்டே பேர். பழைய நண்பன் இறந்த சாலையை ஒவ்வொரு சுற்றிலும் கடந்தாகவேண்டும். இருட்டில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல், அதே மாதிரிக் காரில். எத்தனை முறை அந்த இடத்தைக் கடந்திருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஞாயிறு மதியம் இக்ஸும் டெரிக் பெல்லும் போர்ஷேயில் முதலாவதாக வந்தார்கள். இரண்டாவது ஒரு ரோந்தோ. மூன்றாவது மிகோவும் ஸ்பைஸும்.

அந்த மூன்றாம் இடத்தை நான் இதுவரை வெறும் எண்ணாகத்தான் வைத்திருந்தேன். இன்று இந்தச் சாலையோரம் லாரிகள் காற்றடித்துக்கொண்டு போகும்போது நின்று யோசித்தபின் அப்படி வைத்திருக்க முடியவில்லை.

பிறகு மெதுவாக முல்சான் வரை ஓட்டினேன். அங்கே சாலை வலப்பக்கம் திரும்பி பைன் காட்டுக்குள் போகிறது. இந்தியானாபொலிஸ், ஆர்னாஜ் வளைவுகள். ஆர்னாஜில் அவ்வளவு கூர்மையான திருப்பம் என்று படத்தில் பார்த்தபோது தெரியவில்லை. இரண்டாம் கியரில்தான் திரும்பினேன். அதன்பிறகு பந்தயப் பாதை தனியாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டு தடவை சுற்றிவந்தேன்.

ஆறாம் நாள், ஞாயிறு – ஷாம்பாஞே, பாரிஞே-லெவேக்

கிழக்கே ஷாம்பாஞே. ரோந்தோவின் பட்டறை இருந்த ஊர். ரயில் பாதை ஊர் வழியே போகிறது. 1985 டிசம்பர் 27-ஆம் தேதி இங்கே ஒரு ரயில்வே கேட்டில் ரோந்தோவின் காரில் ரயில் மோதியது. 39 வயது. அவருடைய நிறுவனம் ஏற்கெனவே முடங்கிப்போயிருந்தது. யுனோதியேரில் வருடம் தோறும் உயிரைப் பணயம் வைத்தவர், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேட்டில் போய்விட்டார். பாதைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு ரயில் பாரிஸ் பக்கம் போனது.

லாஃபோஸ், ரோந்தோ, ஹில், பிரைஸ். மிகோவோடு ஓட்டியவர்கள், அவருக்குக் கார் கொடுத்தவர்கள், அவர் இடத்துக்கு வந்தவர்கள். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், மிகோ அறுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார் என்பதே எனக்கு ஒரு நிம்மதி. அதோடு, ஃபார்முலா 1 கைவிட்டபிறகும் அவர் லெ மான்ஸை விடவில்லை. வருடங்கள் போகப்போகக் கார்கள் மாறின, கூட்டாளிகள் மாறினார்கள். ஜூனில் யாராவது கூப்பிட்டால் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஐம்பது வயதுக்குப் பிறகும் ஓட்டினார்.

மதியம் பாரிஞே-லெவேக் போய்ச் சேர்ந்தேன். லெ மான்ஸுக்குத் தென்கிழக்கே, காரில் இருபது நிமிடச் சொச்சம். வழியெல்லாம் மரங்களும் சோளத் தாள் நிற்கும் வயல்களும். மிகோ 2012 ஜனவரி 29-ஆம் தேதி இங்கே இறந்தார், 67 வயதில். வீடு எது என்று விசாரிக்கவில்லை. குடும்பத்தாரின் அமைதியைக் கெடுக்கும் உரிமை எனக்கு இல்லை. தேவாலயத்தைச் சுற்றி ஒரு நடை போனேன். ஞாயிறு என்பதால் கடைகள் அடைத்திருந்தன. ரொட்டிக் கடை மட்டும் காலையில் திறந்திருந்ததற்கு அடையாளமாக வாசலில் மாவு.

திறந்திருந்த ஒரே காபிக் கடைக்குள் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒரு விஷயம் மட்டும் கேட்டேன்: ஜூனில், பந்தய இரவில், கார் சத்தம் இந்த ஊர் வரைக்கும் கேட்குமா?

அவர் கையிலிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். தேவாலயக் கூரைக்கு மேலே மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். முல்சான் அந்தப் பக்கம். காற்று அங்கிருந்து வீசினால் கேட்கும் என்றார். ராத்திரியில், ஊர் அடங்கியபிறகு, இன்னும் நன்றாகக் கேட்குமாம்.

இரண்டு பேரும் வாசலில் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டிருந்தது. காபிக்குக் காசு கொடுத்துவிட்டு, நேர்வழியை விட்டு முல்சான் சுற்றியே லெ மான்ஸுக்குத் திரும்பினேன்.